மூடி, வெயிட், ரப்பர்: பழைய அரைத்தானியங்கி வேட்டை ரைஃபிள் எப்படி இயங்குகிறது?

கொடைக்கானல் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அந்த உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் போட்ட துவரம்பருப்பு மணிக்கணக்கில் கொதித்தாலும் சரியாக மசியாது. நாயுடுபுரமானாலும் வில்பட்டியானாலும், பழனிமலையின் மேல்மலைக் கிராமங்களானாலும், குக்கர் இல்லாமல் அங்கே சமையல் நடக்காது. ஆகவே அழுத்தத்தை அடைத்து வைத்து, அதனிடம் வேலை வாங்கி, அடங்கிய பிறகு மூடியைத் திறப்பது எப்படி என்று அந்த மலைக்காரர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு வருடத்துக்கு முந்தைய அரைத்தானியங்கி வேட்டை ரைஃபிளைப் புரிந்துகொள்ள இந்த அறிவே போதும். அப்படி ஒன்று விலைக்கு வந்தால் எதைப் பார்க்க வேண்டும், வாங்கலாமா கூடாதா என்று முடிவெடுக்கவும் இதே அறிவு உதவும்.

இப்படி ஒரு பொருள் கொடைக்கானலில் ஏன் கிடைக்கப்போகிறது என்று கேட்கலாம். இந்த ஊருக்கு அடித்தளம் போட்டவர்கள் அமெரிக்க மதுரை மிஷன்காரர்கள். 1845இல் அவர்கள் கட்டிய சன்னிசைட், ஷெல்டன் என்ற இரண்டு பங்களாக்கள்தான் ஊரின் தொடக்கம். 1901இல் அவர்களுடைய பிள்ளைகளுக்கான பள்ளிக்கூடமும் வந்தது. பிரிட்டிஷ் அதிகாரிகளும் தோட்ட முதலாளிகளும் பின்னாலேயே வந்தார்கள். காட்டெருமை, கடமான், வரையாடு என்று வேட்டையாடிய காலம் அது. 1972இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது அந்தக் காலம் முடிந்தது, ஆனால் துப்பாக்கிகள் பீரோவுக்குள் தங்கிவிட்டன. பெரும்பாலும் இரட்டைக்குழலும், கையால் போல்ட்டை இழுத்துச் சுடும் ரைஃபிளும்தான் அப்படித் தங்கியவை. அரைத்தானியங்கி அபூர்வம். அபூர்வம் என்பதாலேயே விற்க வருகிறவர் அதைப் பற்றி நிறையக் கதை சொல்வார். கதையைக் கேட்கும் முன் இயந்திரத்தைத் தெரிந்துகொள்வது நல்லது.

அரைத்தானியங்கி என்றால் என்ன? விசையை ஒருமுறை அழுத்தினால் ஒரே ஒரு குண்டுதான் போகும். ஆனால் காலியான தோட்டாக்கூட்டை வெளியே தள்ளுவது, அடுத்த தோட்டாவை ஏற்றுவது, அடுத்த சூட்டுக்குத் தயாராக நிற்பது எல்லாவற்றையும் துப்பாக்கி தானே செய்துகொள்ளும். விசையை அழுத்திப் பிடித்திருக்கும் வரை சுட்டுக்கொண்டே இருக்கும் இயந்திரத் துப்பாக்கி வேறு, இது வேறு. இந்த வேறுபாட்டைச் சட்டமும் பார்க்கிறது.

இனி அடுப்படிக்கு வருவோம். தோட்டா என்பது பித்தளைக் கூடு. அடியில் தீப்பொறி தரும் கேப், நடுவில் மருந்து, வாயில் குண்டு. துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறைதான் குக்கர் பாத்திரம். பின்பக்கம் அதை அடைக்கும் போல்ட்தான் மூடி. மருந்து பற்றியதும் வாயு பெருகி எல்லாப் பக்கமும் முட்டுகிறது. பக்கவாட்டில் தடித்த எஃகு, முன்னால் குண்டு, பின்னால் மூடி. குண்டு மட்டும் நகர முடியும் என்பதால் அது குழல் வழியாகப் பறக்கிறது.

வீட்டுக் குக்கரில் விசில் வரும்போது உள்ளே இருக்கும் கூடுதல் அழுத்தம் சதுர அங்குலத்துக்குச் சுமார் 15 பவுண்டு. அந்தக் கால .35 ரெமிங்டன் தோட்டாவுக்கு வகுத்திருக்கும் உச்ச அழுத்தம் 33,500 பவுண்டு. இரண்டாயிரம் மடங்குக்கும் மேல். குக்கரில் அது பத்து நிமிடம் நிற்கிறது, குழலிலோ விநாடியில் ஆயிரத்தில் ஓரிரு பங்கு நேரத்துக்குள் வந்து போய்விடுகிறது. அழுத்தம் இருக்கும்போது மூடி திறந்தால் என்ன ஆகும் என்பது குக்கர் வெடித்த சமையலறையைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். துப்பாக்கியில் அந்த மூடிக்கு மிக அருகில் இருப்பது சுடுகிறவரின் கண்.

எனவே அரைத்தானியங்கியை வடிவமைத்தவர்களின் தலையாய கேள்வி, மூடியை எப்போது திறப்பது என்பதுதான். குண்டு குழலை விட்டுப் போவதற்கு முன் திறக்கக் கூடாது. போன பிறகு தாமதமானால் பின்னால் தள்ளும் வேகம் வீணாகிவிடும். இந்தக் கேள்விக்கு இரண்டு பெரிய அமெரிக்கக் கம்பெனிகள் இரண்டு வேறு பதில்கள் சொன்னன.

வின்செஸ்டர் சொன்ன பதில், வெயிட். குக்கரின் ஆவித்துளை மேல் உட்காரும் வெயிட்டுக்குப் பூட்டு கிடையாது, திருகு கிடையாது. தன் கனத்தாலேயே அது அடைத்து நிற்கிறது. வின்செஸ்டர் கம்பெனியில் டி.சி. ஜான்சன் வடிவமைத்த 1905, 1907, 1910 மாடல்களின் தத்துவமும் இதுதான். போல்ட்டை எதிலும் பூட்டவில்லை. அதோடு ஒரு கனத்த எஃகுக் கட்டியைச் சேர்த்து, முன்கட்டைக்குள் மறைத்து வைத்தார். 1907 மாடலின் .351 தோட்டாவில் குண்டின் எடை சுமார் 12 கிராம். அதை முன்னால் தள்ளும் அதே உந்தம் போல்ட்டைப் பின்னால் தள்ளுகிறது. போல்ட் பல மடங்கு கனமாக இருப்பதால் குண்டு குழலைக் கடக்கும் நேரத்தில் அது கொஞ்சம்தான் அசைந்திருக்கும். குண்டு போய், அழுத்தம் விழுந்த பிறகு, மிச்ச வேகத்தில் முழுசாகப் பின்வாங்கி, காலிக்கூட்டை எறிந்து, ஸ்பிரிங்கின் தள்ளலில் திரும்பி வந்து புதுத் தோட்டாவை ஏற்றும்.

ஒப்புமை ஓர் இடத்தில் பிசகுகிறது, அதையும் சொல்லிவிடுகிறேன். குக்கரில் வெயிட்டை அழுத்திப் பிடிப்பது பூமியின் ஈர்ப்பு. ரைஃபிளில் பிடித்து நிறுத்துவது கனப்பொருள் சட்டென்று நகர மறுக்கும் குணம். துப்பாக்கியைத் தலைகீழாகப் பிடித்தாலும் அது வேலை செய்யும். ஆனால் விளைவு ஒன்றே: அழுத்தம் கூடக்கூட வெயிட்டும் கூட வேண்டும். 1910 மாடலின் .401 தோட்டாவோடு இந்த வழி ஏறக்குறைய எல்லையைத் தொட்டுவிட்டது. அதற்கு மேல் பலமான தோட்டாவுக்கு இப்படி ரைஃபிள் செய்தால் காட்டுக்குள் தூக்கிக்கொண்டு நடக்க முடியாது. 1907 மாடலே மூன்றரைக் கிலோவுக்கு மேல்.

ரெமிங்டன் கம்பெனிக்குக் கிடைத்த பதில் உள்மூடிக் குக்கர். பாத்திரத்தின் வாய்க்கு உள்பக்கமாக நுழைத்துப் பொருத்தும் மூடி அது. உள்ளே அழுத்தம் ஏற ஏற மூடி இன்னும் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். ஆவி முழுவதும் அடங்கும் வரை எவ்வளவு பலம் கொடுத்தாலும் திறக்காது. ஜான் மோசஸ் பிரௌனிங் 1900இல் காப்புரிமை பெற்று, 1906 முதல் ரெமிங்டன் விற்ற ரைஃபிள் இந்த அறிவோடு செய்யப்பட்டது. 1911இல் அதற்கு மாடல் 8 என்று பெயர் வைத்தார்கள். பிரௌனிங்கின் பெயர் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி ரயில் நிலையத்தில் வாஞ்சிநாதன் ஆஷ் துரையைச் சுட்ட பெல்ஜியக் கைத்துப்பாக்கியும் அந்த மனிதரின் வடிவமைப்புத்தான்.

மாடல் 8ஐப் பார்த்தால் குழல் வழக்கத்தை விடத் தடியாகத் தெரியும். தெரிவது குழல் அல்ல, உறை. உள்ளே மெல்லிய நிஜக் குழலும் அதைச் சுற்றி நீளமான ஸ்பிரிங்கும் இருக்கின்றன. போல்ட்டின் தலையில் இரண்டு காதுகள். தோட்டா ஏறியதும் தலை திரும்பி, அந்தக் காதுகள் குழலின் பின்பகுதியில் மாட்டிக்கொள்ளும். சுட்டவுடன் மூடி மட்டும் தனியே பின்வாங்குவதில்லை. பாத்திரமும் மூடியும் பூட்டிய நிலையிலேயே, அதாவது குழலும் போல்ட்டும் ஒன்றாகவே, உறைக்குள் பின்னோக்கிச் சறுக்கும். ஒரு முழுத் தோட்டாவின் நீளத்தையும் தாண்டிய பயணம் அது. அது முடிவதற்குள் குண்டு எங்கோ போயிருக்கும், அழுத்தம் அடங்கியிருக்கும். கடைசியில் போல்ட்டை ஒரு கொக்கி பிடித்து நிறுத்துகிறது. குழல் மட்டும் ஸ்பிரிங்கின் தள்ளலில் முன்னே திரும்புகிறது. அந்தத் திரும்பலில் போல்ட்டின் தலை சுழன்று காதுகள் கழல்கின்றன, காலிக்கூடு வெளியேறுகிறது. குழல் தன் இடத்தில் உட்கார்ந்த பிறகே கொக்கி விடுபட்டு, போல்ட் முன்னால் பாய்ந்து அடுத்த தோட்டாவை எடுத்துச் செல்கிறது.

இவ்வளவும் கண்ணிமைக்கும் பொழுதில் நடக்கும். சுடுகிறவருக்குத் தோளில் இரட்டைத் தள்ளல் தெரியும், குழல் பின்னே போகும்போது ஒன்று, திரும்பி வந்து இடிக்கும்போது இன்னொன்று. நான் படித்த இயந்திர வடிவமைப்புகளில் இதைப் போல மரியாதையை வரவழைத்தவை குறைவு. அழுத்தம் இருக்கும்போது மூடி திறக்கவே முடியாது என்ற உறுதியை எழுத்தில் கொடுக்காமல் உலோகத்தின் வடிவத்திலேயே கொடுத்திருக்கிறார் பிரௌனிங்.

மூன்றாவது வழி, குழலில் சிறு துளை போட்டு ஆவியில் கொஞ்சத்தைத் திருப்பிவிட்டு, அதைக் கொண்டே மூடியைத் திறப்பது. 1960இல் வந்த ரெமிங்டன் 742 இந்த வகை. இன்றைய அரைத்தானியங்கி ரைஃபிள்களில் பெரும்பாலானவை இப்படித்தான். பழம்பொருளாக இதை யாரும் விற்க வரமாட்டார்கள் என்பதால் இத்தோடு விட்டுவிடலாம்.

இப்போது உங்கள் முன்னால் ஒரு ரைஃபிளை வைத்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். தொடுவதற்கு முன்பே, அது காலியாக இருக்கிறதா என்று விற்பவரைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். வின்செஸ்டரில் மேகசினைக் கழற்றிவிடலாம், ஆனால் கழற்றிய பிறகும் அறைக்குள் ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கலாம். மாடல் 8இல் மேகசின் உடலோடு சேர்ந்தது, போல்ட்டை முழுக்கப் பின்னுக்கு இழுத்துப் பார்த்தால்தான் தெரியும். வின்செஸ்டரில் இன்னொரு ஆபத்தும் உண்டு. போல்ட்டைப் பின்னுக்குத் தள்ள, முன்கட்டையின் நுனியில் குழலுக்கு அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு கம்பியை உள்ளே அமுக்க வேண்டும். அமுக்கும் கை குழல்வாய்க்குப் பக்கத்தில் போகிறது. இந்த ஒரு காரணத்துக்காகவே பழக்கமில்லாதவர் கையில் அதைக் கொடுக்கக் கூடாது.

காலி என்று உறுதியான பிறகு, குழலுக்குள் வெளிச்சம் விட்டுப் பாருங்கள். கொடைக்கானலில் இதுதான் முதல் சோதனை, அதற்குக் காரணம் இருக்கிறது. 1920களின் கடைசி வரை வந்த தோட்டாக்களின் கேப்பில் இருந்த ரசாயனம் எரிந்ததும் குழலுக்குள் ஒருவகை உப்பைப் படியவைத்துவிடும். உப்பு ஈரத்தை இழுக்கும். வேட்டை முடிந்து, அன்றிரவே வெந்நீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாவிட்டால் காலையில் துரு தொடங்கிவிடும். ஐப்பசி கார்த்திகையில் ஜன்னல் வழியாக மேகம் வீட்டுக்குள் வரும் ஊரில் அது எவ்வளவு வேகமாக நடந்திருக்கும் என்று யோசியுங்கள். குழலுக்குள் சுற்றிச் சுற்றிப் போகும் காடிகளின் விளிம்பு கூர்மையாகத் தெரிய வேண்டும். கறுப்புப் புள்ளிகளாகக் குழி விழுந்திருந்தால் எந்தத் துணி போட்டு இழுத்தாலும் அது போகாது. அறைக்குள்ளும் அப்படிக் குழி இருந்தால் காலிக்கூடு சிக்கிக்கொள்ளும், அரைத்தானியங்கிக்கு அது சாவுமணி. வெளியே பளபளப்பாகவும் உள்ளே புள்ளிகளாகவும் இருந்தால் புதிதாக நிறம் ஏற்றி விற்கிறார்கள் என்று அர்த்தம். அதை விட, நிறம் மங்கி, உள்ளே சுத்தமாக இருக்கும் துப்பாக்கி எவ்வளவோ மேல்.

அடுத்தது மூடி. மாடல் 8இல் போல்ட்டின் இரண்டு காதுகளையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும். ஓரம் மழுங்கியிருக்கிறதா, மயிரிழை விரிசல் உண்டா, இரண்டு காதிலும் தேய்மானம் ஒரே அளவா? ஒன்றில் மட்டும் தேய்மானம் இருந்தால் எல்லாப் பாரத்தையும் அந்த ஒரு காதே இத்தனை வருடம் தாங்கியிருக்கிறது. மூடிக்கும் தோட்டாவுக்கும் இடையே இருக்க வேண்டிய இடைவெளியை அளக்க அளவுக்கட்டை உண்டு. உரிமம் பெற்ற துப்பாக்கி பழுதுபார்ப்பவரிடம் அது இருக்கும். இதைக் கண்ணால் கணிக்க முயல வேண்டாம்.

அப்புறம் ரப்பர். குக்கர் பழசானால் முதலில் நைவது கேஸ்கட். துப்பாக்கியில் அந்த இடத்தில் இருப்பது ஸ்பிரிங்குகளும், திரும்பி வரும் உலோகத்தின் இடியைத் தாங்கும் தாங்கிகளும். வின்செஸ்டரில் இந்தத் தாங்கி நார்ப்பொருளால் ஆனது. நூறு வருடத்தில் அது பொடிந்துபோயிருக்கலாம். போனால் அந்தக் கனத்த வெயிட் ஒவ்வொரு முறையும் எஃகில் எஃகாக மோதும், முன்கட்டை விரிசல் விடும். விரிசலைக் கண்டால் மரத்தைக் குறை சொல்லாமல், உள்ளே எது தீர்ந்துபோயிற்று என்று தேடுங்கள். மாடல் 8இல் உறையை விரலால் தடவிப் பாருங்கள். எங்கேயாவது நசுங்கியிருந்தால் உள்ளே குழல் உரசும், உரசினால் பின்வாங்கும் தூரம் குறையும், பூட்டும் கொக்கியும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. சிறு நசுக்கம் என்று விற்பவர் சிரித்துக்கொண்டே சொல்வார். இந்த இயந்திரத்தில் நசுக்கத்துக்குச் சிறிது பெரிது கிடையாது.

கட்டையின் கழுத்தைப் பாருங்கள், பழைய ரைஃபிள்கள் பெரும்பாலும் அங்கேதான் பிளக்கும். டெலஸ்கோப் மாட்ட யாராவது உடலில் துளை போட்டிருந்தால் சுடுவதற்குத் தடையில்லை, ஆனால் பழம்பொருள் என்ற மதிப்பு பாதியாவது போய்விடும்.

துப்பாக்கியின் வயதைத் துப்பாக்கியே சொல்லும். ரெமிங்டன் 1921 முதல் குழலில் ஓர் எழுத்துக்குறி பொறித்தது. கருமருந்துக்கான ஆங்கிலச் சொல்லில் பதினோரு எழுத்து, கடைசியில் ஓர் எக்ஸ் சேர்த்தால் பன்னிரண்டு. வரிசைப்படி ஒவ்வோர் எழுத்தும் ஒரு மாதம், அதற்கடுத்த எழுத்து வருடம். பெல்ஜியத்தில் எஃப்.என். கம்பெனியும் மாடல் 8இன் வடிவமைப்பிலேயே ஒரு ரைஃபிளை .35 ரெமிங்டன் அளவில் மாடல் 1900 என்ற பெயரில் செய்தது. ஐயாயிரத்துக்கும் குறைவாகவே செய்தார்கள், அதனால் சேகரிப்பாளர்களிடம் அதற்குத் தனி மதிப்பு. அதில் லியேஜ் நகரச் சோதனை முத்திரை இருக்க வேண்டும். இங்கிலாந்து வழியாக இந்தியாவுக்கு வந்த அமெரிக்கத் துப்பாக்கி என்றால் பிரிட்டிஷ் சோதனை முத்திரையோடு, இங்கிலாந்தில் செய்ததல்ல என்ற பொருளில் மூன்று ஆங்கிலச் சொற்களும் பொறித்திருக்கலாம். 1925இலிருந்து 1955 வரை அந்த வழக்கம் இருந்தது. ஆகவே அந்தப் பொறிப்பு உள்ள துப்பாக்கியை, தாத்தா முதல் உலகப்போர் காலத்தில் வாங்கியது என்று ஒருவர் சொன்னால், கதையில் ஓட்டை இருக்கிறது.

இயந்திரம் எல்லாத் தேர்விலும் பாஸ் ஆகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அதற்குப் போடப் பருப்பு எங்கே? இந்திய அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் பொதுமக்களின் ரைஃபிளுக்குப் பெரும்பாலும் செய்து தருபவை .315, .30-06, .22 தோட்டாக்கள். .35 ரெமிங்டன் தோட்டாவை அமெரிக்காவில் இன்னும் செய்கிறார்கள், இங்கே இல்லை. .351, .401 இரண்டும் எங்குமே வழக்கொழிந்தவை. தனிநபர் துப்பாக்கி இறக்குமதி 1980களிலேயே நின்றுவிட்டது. தோட்டாவை வீட்டில் தயாரித்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், உரிமம் இல்லாமல் தோட்டா செய்வதே குற்றம்.

தோட்டாவை வைத்து அரசு துப்பாக்கியைக் கட்டுப்படுத்துவது நம் நாட்டில் பழைய வழக்கம். 1900களின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்திய அரசு .450 அளவு ரைஃபிள்களைத் தடை செய்தது. பழைய ராணுவ மார்ட்டினி-ஹென்றி துப்பாக்கிகளுக்கு அந்தக் குண்டு பயன்பட்டுவிடுமோ என்ற பயம். இங்கிலாந்துக் கம்பெனிகள் உடனே .465, .470 என்று கொஞ்சம் தள்ளிப் புது அளவுகளைக் கண்டுபிடித்தன. யானை வேட்டைக்குப் பேர்போன .470 பிறந்த கதை அதுதான். இன்றைய விதிகளிலும் .303, 7.62 என்ற ராணுவத் தோட்டாக்கள் ஏறும் ரைஃபிள்கள் தனியே வைக்கப்பட்டிருப்பது அதே பயத்தின் தொடர்ச்சி.

இனிக் காகிதம். நூறு வருடத் துப்பாக்கி என்பதால் உரிமம் வேண்டாம் என்று நம்புகிறவர்கள் நிறையப் பேர். அது தவறு. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு பழம்பொருள் மதிப்புள்ள ஆயுதத்துக்கு விலக்கு தருகிறது, ஆனால் பழுதுபார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுட முடியாத நிலையில் அது இருக்க வேண்டும். இதுவரை நாம் தேடிப் பார்த்ததெல்லாம் நல்லபடியாக இயங்கும் ரைஃபிளை. நன்றாக இயங்கினால் விலக்கு கிடையாது.

உரிமம் வாங்கிக்கொள்ளலாமா? 2016 ஆயுத விதிகள், கைத்துப்பாக்கிகளைத் தவிர்த்த அரைத்தானியங்கிகளை முதல் வகையில், கட்டுப்படுத்தப்பட்ட ஆயுதங்களாக வைத்திருக்கின்றன. சாதாரணப் போல்ட் ரைஃபிளுக்கோ இரட்டைக்குழலுக்கோ திண்டுக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் விண்ணப்பிப்பது போல இதற்குச் செய்ய முடியாது. விண்ணப்பம் மத்திய உள்துறை அமைச்சகம் வரை போக வேண்டும், உயிருக்குக் கடுமையான அச்சுறுத்தல் உண்டு என்பதை மாவட்ட நிர்வாகமும் மாநில அரசும் ஏற்றுப் பரிந்துரைக்க வேண்டும். பழைய பொருள்மேல் ஆசை என்பது அந்தக் காரணங்களில் இல்லை.

கொடைக்கானலில் வசிப்பவருக்கு இதன்மேல் இன்னொரு பூட்டு. கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. வனவிலங்குச் சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி சரணாலயத்துக்குள்ளும் அதைச் சுற்றிப் பத்துக் கிலோமீட்டருக்குள்ளும் வசித்து ஆயுத உரிமம் வைத்திருப்பவர் வனத்துறையில் பெயரைப் பதிய வேண்டும். அந்த எல்லைக்குள் புது உரிமம் கொடுக்க, தலைமை வன உயிரினக் காப்பாளர் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும். கொடைக்கானல் நகரம் அந்தப் பத்துக் கிலோமீட்டருக்குள்தான் இருக்கிறது. எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஆயுதத்தோடு சரணாலயத்துக்குள் நுழைவதையே 31ஆம் பிரிவு தடுக்கிறது. பூம்பாறையில் பூண்டையும் மன்னவனூரில் கேரட்டையும் காட்டுப்பன்றியும் காட்டெருமையும் அழிக்கும்போது விவசாயிக்கு வரும் ஆத்திரம் நியாயமானது. அதற்கு மருந்து வனத்துறையின் இழப்பீடும் வேலியும். பழைய ரைஃபிள் அல்ல.

உரிமம் உள்ள ஒருவரிடமிருந்து உரிமம் உள்ள இன்னொருவர் சட்டப்படி வாங்கும்போதும் சும்மா கைமாற்றிவிட முடியாது. விற்பவர் மாவட்ட ஆட்சியருக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து, 45 நாள் கழிந்த பிறகே கொடுக்கலாம். 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது, பரம்பரையாக வந்ததும் அந்தக் கணக்கில் சேரும். விற்பவரின் உரிமத்தில் துப்பாக்கியின் வரிசை எண், அளவு, கம்பெனிப் பெயர் மூன்றும் இருக்க வேண்டும், தேசியத் தரவுத்தளத்தின் தனி அடையாள எண்ணும் இருக்க வேண்டும். காகிதத்தில் உள்ள எண்ணையும் உலோகத்தில் உள்ள எண்ணையும் விரல் வைத்து ஒவ்வோர் இலக்கமாக ஒப்பிடுங்கள். ஓர் இலக்கம் மாறினாலும் அங்கேயே எழுந்து வந்துவிடுங்கள். உரிமமில்லாத துப்பாக்கியோடு பிடிபட்டால் இப்போது குறைந்தபட்சத் தண்டனை இரண்டு வருடம்.

ஆகவே என் தீர்ப்பு: மாடல் 8ஐயோ வின்செஸ்டர் 1907ஐயோ கொடைக்கானலில் யாராவது விலைக்குக் கொண்டுவந்தால் வாங்காதீர்கள். இயந்திரம் எவ்வளவு அழகானதாக இருந்தாலும், அதற்குத் தோட்டா இல்லை, சுட இடம் இல்லை, கிடைக்கக்கூடிய உரிமமும் ஏறக்குறைய இல்லை. காகிதம் இல்லாமல் மலிவாகக் கிடைக்கிறது என்றால், விற்பவர் தன் வழக்கை உங்கள் தலையில் இறக்கிவைக்கப் பார்க்கிறார்.

வாங்காமலேயே இப்படி ஒன்று வீட்டுக்கு வந்துசேர்ந்தவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அப்பாவோ தாத்தாவோ காலமாகி, பீரோவில் துப்பாக்கி மிஞ்சியிருந்தால், உரிமம் அவரோடு முடிந்துவிட்டது என்று எண்ணிச் செயல்படுங்கள். ஆற்றில் எறியாதீர்கள், தோட்டத்தில் புதைக்காதீர்கள், வேலையாளிடம் கொடுத்து வைக்காதீர்கள். இறப்புச் சான்றிதழையும் பழைய உரிமப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு, ஸ்டேஷனிலோ உரிமம் பெற்ற ஆயுத விற்பனையாளரிடமோ ஒப்படைத்து ரசீது வாங்குங்கள். வாரிசாக வைத்துக்கொள்வதா, உரிமம் உள்ளவருக்கு மாற்றுவதா, அருங்காட்சியகம் எதற்காவது தருவதா என்பதை அந்த ரசீது கையில் இருக்கும்போது நிதானமாக முடிவு செய்யலாம்.